குளம், ஆறு, கடலில் இறங்கி வந்த பிறகு கை அரிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறையில் கிணறே கதி, குளமே கதி என்று கிடந்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் கையைச் சொறிய ஆரம்பிக்கும். "தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி விஷயத்தை முடித்துவிடுவோம். உண்மையில் தண்ணீரே ஒத்துக்கொள்ளாமல் போவது மிக அபூர்வம். தண்ணீருக்குள் இருந்தது, கையில் மாட்டியிருந்தது, கரையேறும்போது பிடித்தது என்று வேறு ஏதாவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்காமல் களிம்பை மாற்றி மாற்றித் தடவுவதால்தான் நான்கு நாளில் போகவேண்டிய அரிப்பு நான்கு மாதம் இழுக்கிறது.

கை அரிக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கையில் எந்த இடம், தண்ணீரில் இறங்கி எவ்வளவு நேரம் கழித்து, எந்தத் தண்ணீர். தோல் மருத்துவரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

கையின் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. உள்ளங்கைத் தோல் தடிமன். சிறு புழுவோ, கடல் உயிரியின் கொட்டும் செல்லோ அதைத் துளைப்பது கடினம். புறங்கை, மணிக்கட்டு, முன்கையின் உட்பக்கம் எல்லாம் மெல்லிய தோல். அதனால் புறங்கையில் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் ஒரு காரணம், உள்ளங்கையிலும் விரல் ஓரங்களிலும் கொப்புளமாக இருந்தால் வேறு காரணம், விரல் இடுக்கில் இருந்தால் இன்னொரு காரணம்.

நேரமும் அப்படித்தான். தண்ணீரில் இருக்கும்போதோ வெளியே வந்த சில நிமிடங்களிலோ ஆரம்பித்தால் சொறி மீன் (ஜெல்லி மீன்), செடியின் சுணை, குளிர்ச்சியால் வரும் தடிப்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அன்று இரவோ மறுநாளோ புள்ளிகள் எழும்பினால் குளத்துப் புழு. ஒன்று இரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து நீர் கோத்தால் ரப்பர் போன்ற பொருளால் வரும் ஒவ்வாமை. வாரக்கணக்கில் தள்ளி வந்தால் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

குளத்தில் குளித்த அன்று இரவே புறங்கையில் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி மாதிரி இருக்கிறது, ஆனால் கொசு கடிக்கவில்லை. என்ன இது?

நத்தை இருக்கும் குளம், கண்மாய், வாய்க்கால், நீர் தேங்கிய வயல் என்றால் நீச்சல் அரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் இதற்குப் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாத்து, கொக்கு போன்ற நீர்ப்பறவைகளின் ரத்தக் குழாய்களிலும், மாடு எருமைகளின் ரத்தக் குழாய்களிலும் குடியிருக்கும் ஒருவகைத் தட்டைப்புழு உண்டு. பறவையின் எச்சம், மாட்டுச் சாணம், சில சமயம் மூக்குச்சளி வழியாக அதன் முட்டைகள் தண்ணீருக்குள் போகும். முட்டை பொரிந்து வரும் குஞ்சு, நத்தைக்குள் புகுந்து பெருகும். சில வாரங்கள் கழித்து அந்த நத்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, பிளவுபட்ட வால் கொண்ட இளம்புழுக்கள் கூட்டம் கூட்டமாக வெளிவந்து நீந்தும். அவை தேடுவது வாத்தையோ மாட்டையோதான். ஆனால் வழியில் உங்கள் கை அகப்பட்டால் அதையும் துளைத்துவிடும். ஒரு நாளுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் புழு செத்துப்போகும்; நத்தையோ தொடர்ந்து புதிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தச் சங்கிலியை முதலில் அவிழ்த்தது 1928-ல். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள டக்ளஸ் ஏரியில் வேலை செய்துகொண்டிருந்த வில்லியம் வால்டர் கோர்ட் என்ற ஆய்வாளர், ஏரியில் குளித்தவர்களுக்கு வந்த அரிப்புக்கு நத்தையிலிருந்து வரும் இளம்புழுவே காரணம் என்று கண்டார். அங்கே கோடையில் ஏரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நம் பக்கம் வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும் குளத்தில் மாடு குளிப்பாட்டுகிறவர்களுக்கும் வருவது அதே வகை அரிப்புதான், ஆனால் யாரும் பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை.

தென்னிந்தியாவில் மாட்டின் மூக்கு ரத்தக் குழாயில் வாழும் ஒரு வகை பரவலாக உண்டு. அது பிடித்த மாடு மூச்சு விடும்போது குறட்டை மாதிரி சத்தம் கேட்கும். உங்கள் குளத்தில் அப்படிக் குறட்டை விடும் மாடு இறங்குகிறது, தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தைகள் படிக்கட்டு ஓரம் ஒட்டியிருக்கின்றன என்றால், அந்தப் படிக்கட்டில் கை வைத்துத் துணி துவைத்தவருக்கு அரிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கும் பகுதிகளிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி எப்படி இருக்கும்?

தோலில் தண்ணீர் காயும்போதே லேசான குறுகுறுப்பு அல்லது எரிச்சல். பிறகு கொஞ்ச நேரம் அடங்கிவிடும், பலர் அத்தோடு மறந்துவிடுவார்கள். அரை நாளுக்குள் சின்னச் சின்னச் சிவப்பு முண்டுகள், சிலருக்கு நுனியில் நீர்க்கொப்புளம். கடுமையான அரிப்பு, முதல் இரண்டு மூன்று நாள் இரவில் தூக்கம் கெடும். தண்ணீருக்கு வெளியே இருந்த தோலில் ஒரு புள்ளி கூட இருக்காது. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவியவருக்குக் கையிலும் காலிலும் மட்டும் வரும். வரப்பில் நின்று நாற்றைப் பிடுங்கியவருக்கு முழங்கைக்குக் கீழே மட்டும். இந்த எல்லைக்கோட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு வாரத்தில் தானாக அடங்கும். சிலருக்கு இரண்டு வாரம் வரை போகும்.

ஐயோ, அந்தப் புழு உடம்புக்குள் வளருமா?

வளராது. மனிதத் தோலுக்குள் நுழைந்ததும் அது செத்துவிடுகிறது. செத்த புழுவை எதிர்த்து நம் உடம்பு காட்டும் கோபம்தான் அரிப்பு. பேதி மாத்திரையோ பூச்சி மருந்தோ தேவையில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவும் செய்யாது. அதே துண்டைப் பயன்படுத்தலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

மனித ரத்தத்திலேயே வாழும் தட்டைப்புழுக்கள் வேறு இனம். அவை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி, மலாவி ஏரி போன்ற இடங்களில் உண்டு. வேலைக்காகவோ சுற்றுலாவாகவோ அங்கே போய் ஏரியில் இறங்கியவர்கள், அரிப்பு அடங்கிவிட்டாலும் ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்தில் 1950களில் இந்த மனித வகை பதிவானது. ஆனாலும் தமிழ்நாட்டுக் குளத்தில் குளித்ததற்காக அந்த நோயை நினைத்து இரவு முழுக்கப் பயப்பட வேண்டாம்.

போன வருடம் இதே குளத்தில் குளித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது மட்டும் ஏன்?

முதல் முறை உடம்பு அந்தப் புழுவை அடையாளம் கண்டு வைக்கிறது. அடுத்தடுத்த முறைகளில் எதிர்ப்பு வேகமாகவும் பலமாகவும் வரும். அதனால்தான் ஒரே குளத்தில் ஒன்றாகக் குளித்த அண்ணனுக்குக் கை முழுக்க வெடித்திருக்கும், விடுமுறைக்கு வந்த சித்தி மகனுக்கு ஒன்றுமே இருக்காது. "உனக்குத்தான் உடம்பு சரியில்ல" என்று அந்தப் பிள்ளையைச் சொல்லாதீர்கள்.

தடுக்க வழி உண்டா?

தண்ணீரை விட்டு வெளியே வந்த கையோடு துண்டால் அழுத்தித் துடைப்பதுதான் எளிய வழி. காற்றில் காயவிட்டுக் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், தோலில் ஒட்டிய ஈரத்திலுள்ள புழு நிதானமாக உள்ளே போகும். முடிந்தால் நல்ல தண்ணீரில் ஒரு முறை கழுவித் துடைக்கலாம்.

கரையோர ஆழமில்லாத, செடி அடர்ந்த, காற்று ஒதுக்கிக் குப்பை சேர்க்கும் மூலையில்தான் நத்தையும் புழுவும் அதிகம். நீந்தத் தெரிந்தவர்கள் அதைத் தவிர்க்கலாம். நீந்தத் தெரியாத பிள்ளையை அரிப்புக்குப் பயந்து ஆழத்துக்கு அனுப்பாதீர்கள். அரிப்பு போய்விடும், உயிர் திரும்பாது. வெயில் ஏறும் காலை வேளையில் புழு வெளிவருவது பல இனங்களில் அதிகம். வயல் வேலைக்கு முழங்கை வரை நீளும் உறை உதவும், அது உள்ளே தண்ணீர் புகாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால். வாத்துகளுக்குக் குளித்துறையிலேயே தீனி போடும் பழக்கத்தை நிறுத்தலாம்.

கடலில் குளித்த உடனே கை எரிந்து கோடு கோடாகத் தடித்துவிட்டது.

சொறி மீன். அதன் இழைகளில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் செல்கள் உண்டு. தொட்டதும் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி வெடித்து நஞ்சை ஏற்றும். இழை பட்ட வடிவத்திலேயே கோடு விழும்.

செய்யவேண்டியது: கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையை வெறும் விரலால் எடுக்காமல் இடுக்கியாலோ துணி சுற்றிய விரலாலோ எடுங்கள். பிறகு தோல் தாங்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் கையை 20 நிமிடம் வையுங்கள். நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு அதைச் சிதைக்கும், வலி குறையும். வெந்நீரை மற்றொருவர் தன் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொட்டுப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

செய்யக்கூடாதது: மணலால் தேய்ப்பது, குழாய்த் தண்ணீரைப் பிடிப்பது, சிறுநீர் ஊற்றுவது. மூன்றுமே வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களைக் கிளப்பிவிடக்கூடும். வினிகர் சில இனங்களுக்கு நல்லது, சிலவற்றுக்குக் கெடுதல். நீலக் காற்றுப்பையோடு மிதந்து கரை ஒதுங்கும் புளூபாட்டிலுக்கு வினிகரை ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. எது கொட்டியது என்று தெரியாதபோது கடல்நீரும் வெந்நீரும்தான் பத்திரம்.

கரையில் செத்துக் கிடப்பதையும் தொடாதீர்கள். செத்த பிறகும் அந்தச் செல்கள் வேலை செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் எனப்படும் சின்னஞ்சிறு கடல் உயிரிகள் ஒதுங்கின. பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளைகள் உள்ளங்கையில் எடுத்து வைக்கத்தான் தோன்றும். அவை புளூபாட்டிலைத் தின்று, அதன் கொட்டும் செல்களைத் தம் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்பவை.

இன்னொரு விஷயம். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண் எரிந்து துடிக்கும். கடலை விட்டு வந்த பிள்ளைகளிடம் முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

வலை இழுக்கும்போது, கயிறு பிடிக்கும்போது மட்டும் வருகிறது. சொறி மீனைக் கண்ணாலேயே பார்க்கவில்லையே?

பார்க்கவேண்டியதில்லை. சிதைந்த சொறி மீனின் துணுக்குகள் வலைக் கண்ணிகளில் ஒட்டிக் காய்ந்திருக்கும். மறுபடி ஈரம் பட்டதும் கொட்டும். நங்கூரக் கயிற்றிலும் மிதவையிலும் பாசி மாதிரி வளரும் நுண் உயிரிகள் சிலவும் கொட்டக்கூடியவை.

கொட்டாமலே ஒவ்வாமை தருபவையும் உண்டு. ஐரோப்பாவின் வடகடலில் மீன்பிடிப்பவர்களுக்குக் கைகளிலும் முன்கைகளிலும் வரும் ஒரு அரிப்புக்கு அங்குள்ள மீன்பிடித் திட்டின் பெயரே நிலைத்துவிட்டது, டாகர் பேங்க் அரிப்பு என்று. வலையோடு வரும் பாசிபோன்ற ஒரு கடல் உயிரிதான் காரணம். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வலையைத் தொடும்போதெல்லாம் வரும்.

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல்பாசி எடுக்க முங்கும் பெண்கள் விரல் ஒவ்வொன்றிலும் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்கத்தான் அது. ஆனால் மணிக்கணக்கில் ஈரத்துணி ஒட்டிக் கிடக்கும் விரல் வெந்து, வெளுத்து, இடுக்கில் பூஞ்சை பிடிக்கும். கரையேறியதும் துணியை அவிழ்த்து எறிந்து விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துவதும், மறுநாள் காய்ந்த துணியைச் சுற்றுவதும் அவர்களுக்கு மருந்தை விடப் பெரிய உதவி. அந்தக் கைகளுக்கு ஏற்ற நல்ல உறைகளை யாராவது மலிவாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

தண்ணீரிலேயே கை வைக்கவில்லை, கரையேறிய பிறகுதான் அரித்தது.

அப்படியானால் கரையைப் பாருங்கள். ஏறும்போது எதைப் பிடித்தீர்கள்? செந்தட்டி, அதாவது காஞ்சொறி, கை பட்ட நொடியே எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பூனைக்காலிக் காயின் சுணை அப்படியல்ல, தேய்க்கத் தேய்க்கப் பரவும். பிளாஸ்திரியை ஒட்டி உரித்தால் சுணை அதோடு வந்துவிடும். கம்பளிப்பூச்சியின் மயிருக்கும் இதே வைத்தியம்.

ஏரிக்கரை முழுக்க வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம் வேறு ரகம். 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு நாடு முழுக்கப் பரவிய செடி. இதன் ஒவ்வாமை உடனே வராது, பழகப் பழக வரும். கை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று திறந்த இடமெல்லாம் தடித்துக் கறுக்கும். அதை வெறுங்கையால் பிடுங்கவே பிடுங்காதீர்கள்.

துடுப்புப் போட்டால், அல்லது தண்ணீரில் கையுறை மாட்டினால் மறுநாள் உள்ளங்கை சிவந்து அரிக்கிறது.

பிச்சாவரத்தில் ஒருநாள் துடுப்புப் போட்டுவிட்டு வந்தவருக்குக் கை சிவந்தால் பெரும்பாலும் உராய்வுதான். இரண்டு நாளில் போகும். வாரா வாரம் போகிறவருக்குப் பிடி படும் இடத்தில் மட்டும், அல்லது உறையின் விளிம்பு வரை மட்டும் அரிப்பு வந்தால் ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்களைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண ரப்பர் உறையில் தையூரம் வகை, நீச்சல் உடையும் உறையும் செய்யும் நியோப்ரீனில் தையோயூரியா வகை. தோல் மருத்துவர் முதுகில் சின்னப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்து, பிறகு ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்த்து எது என்று சொல்லிவிடுவார். அந்தப் பரிசோதனைக்கு உங்கள் உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போங்கள்.

நீச்சல்குளத்துக் குளோரின் ஒவ்வாமையா?

உண்மையான ஒவ்வாமை அரிது. குளோரின் தோலின் எண்ணெயை எடுத்து வறட்சியாக்குகிறது. வறண்ட தோல் அரிக்கும். வந்ததும் கழுவி, ஈரம் போகும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். சிறு பிள்ளைகளுக்கு உள்ளங்கை பளபளவென்று சிவந்து, அரிப்பும் வலியும் இல்லாமல் இருந்தால், குளத்தின் சொரசொரப்பான விளிம்பைப் பிடித்துத் தொங்கியதால் வந்த தேய்மானம். விட்டுவிடுங்கள்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு வெளியே வந்ததும் கையெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்தது. அரை மணியில் போய்விட்டது.

இதை லேசாக எடுக்காதீர்கள். சிலருக்குக் குளிர்ச்சியே தடிப்பைக் கிளப்பும். குளிர்ந்த கை மறுபடி சூடாகும்போது தடிப்பு எழும்பும். கையோடு நின்றால் தொல்லை மட்டும்தான். ஆனால் இப்படிப்பட்டவர் முழு உடம்பையும் குளிர்ந்த நீரில் நனைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கலாம். முன்கையில் பனிக்கட்டியை 5 நிமிடம் வைத்து எடுத்துப் பார்க்கும் எளிய பரிசோதனை உண்டு, அதை மருத்துவர் முன்னிலையில் செய்யுங்கள். அதுவரை மலை ஓடையிலும் அருவியிலும் தனியாக இறங்க வேண்டாம்.

சூடோ குளிரோ, எந்தத் தண்ணீர் பட்டாலும் தடிப்பு வரும் நிலை 1964-ல் முதலில் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. உலகிலேயே மிகச் சிலருக்குத்தான் அது. ஆனால் நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு, தோலில் ஒரு புள்ளியும் இல்லாமல், ஒவ்வொரு முறை குளித்ததும் தாங்கமுடியாத அரிப்பு என்றால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு ரத்தநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

விரல் ஓரத்தில் தோலுக்கடியில் ஜவ்வரிசி மாதிரி கொப்புளங்கள்.

அது ஒருவகைக் கை எக்ஸிமா. வியர்வை, வெயில் காலம், அடிக்கடி கை நனைவது, மன அழுத்தம் எல்லாம் கிளப்பிவிடும். தண்ணீரில் எதுவும் கடித்ததல்ல. ஒட்டாது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு நன்றாகக் கேட்கும்.

கடற்கரையில் எலுமிச்சம்பழம் பிழிந்த கையில் மறுநாள் கொப்புளம், அப்புறம் கறுப்புத் தழும்பு. இதுவும் கடல்தானா?

இல்லை. எலுமிச்சைத் தோலில் உள்ள ஒரு பொருளும் வெயிலும் சேர்ந்து தோலைச் சுடுகின்றன. சாறு வழிந்த வடிவத்திலேயே கறுப்பு விழும், மறைய மாதக்கணக்கு ஆகும். சொறி மீன் கொட்டிய இடத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பவர்களுக்கும் இதே கதிதான்.

இரவில்தான் அரிப்பு அதிகம். வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது. குளத்தில் குளித்தது ஒருவர்தான்.

குளத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், இது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் வளை தோண்டும். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை இரவில் தடவிக் காலையில் குளிப்பது, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்வது என்பதுதான் வழக்கமான சிகிச்சை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். ஒருவரை விட்டாலும் திரும்ப வரும். உடுத்திய துணியும் படுக்கை விரிப்பும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். கொன்ற பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு மிச்சமிருக்கும், அதற்காகத் தினமும் தடவாதீர்கள்.

சாதாரண அரிப்புக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

நல்ல தண்ணீரில் கழுவி, மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கை வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். கலமைன் லோஷன் தடவலாம். பெரியவர்கள் இரவில் 10 மில்லிகிராம் செடிரிசின் ஒன்று போடலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நீச்சல் அரிப்பில் வரும் தொல்லைகளில் பாதி, சொறிந்து புண்ணாக்கிச் சீழ் பிடிப்பதால் வருவதுதான்.

வேப்பிலை, மஞ்சள், சுண்ணாம்பு?

வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய நீரில் கழுவுவதால் கெடுதல் இல்லை. மஞ்சள் சிலருக்கே ஒவ்வாமை தரும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அது காரம், தோலைப் பொசுக்கும்.

மருந்துக்கடையில் சொன்னால் ஒரு களிம்பு தருகிறார்கள். தடவியதும் அரிப்பு நிற்கிறது. அது போதாதா?

இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நுண்ணுயிர் மருந்து மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு எதுவாக இருந்தாலும் அரிப்பை அமுக்கும், அதனால்தான் உடனே சுகம். ஆனால் அது படர்தாமரையாக இருந்தால் அடியில் பரவும், உருவம் மாறும், பிறகு மருத்துவரே அடையாளம் காணத் திணறுவார். சிரங்காக இருந்தால் பெருகும். மாதக்கணக்கில் தடவினால் புறங்கைத் தோல் காகிதம் போல மெலிந்து, நிறுத்திய நாளே அரிப்பு திரும்பும். இன்று நம் ஊர்த் தோல் மருத்துவர்களிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் முதல் நோய்க்காக வருவதில்லை, இந்தக் களிம்பு செய்து வைத்ததற்காக வருகிறார்கள். ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்து, கூடவே இரண்டு மூன்று பெயர் இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று அளவு சொல்லித் தரும் ஸ்டீராய்டு நல்ல மருந்து; அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

எப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், தலைசுற்றி விழுந்தால் நிமிடம் கூடக் காத்திருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள். கடலில் ஏதோ கொட்டி நெஞ்சுவலி, வாந்தி, தாங்கமுடியாத வலி வந்தாலும் அப்படியே.

காய்ச்சலோடு கையிலிருந்து மேலே சிவப்புக்கோடு ஏறினால் அன்றே போக வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் கையில் வெட்டுக்காயத்தோடு கடல்நீரிலோ உப்பங்கழியிலோ இறங்கி, சில மணி நேரத்தில் அந்த இடம் வீங்கி ஊதாநிறக் கொப்புளம் கட்டினால் அது உயிருக்கு ஆபத்தான கிருமித்தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கையில் மீன் முள் குத்தி ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத கட்டி.

மீன்தொட்டி கழுவுகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்களுக்கு வரும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று குளிர்ந்த தோலில் மெல்ல வளர்வது. விரலில் ஆரம்பித்துக் கைவழியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிகள் ஏறலாம். சாதாரண மாத்திரைக்குக் கேட்காது. சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டால் குணமாகும். மருத்துவரிடம் "மீன் முள் குத்தியது" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது.

மறுபடி எப்போது தண்ணீரில் இறங்கலாம்?

புண்ணும் கொப்புளமும் காய்ந்து தோல் மூடியதும் இறங்கலாம். அதே குளம்தான் என்றால் துறையை மாற்றுங்கள், நத்தையும் செடியும் இல்லாத இடமாகப் பாருங்கள். தண்ணீர் மேல் பச்சை பெயின்ட் ஊற்றியது போலப் பாசி ஏடு மிதந்தால், நல்லாயிருந்த கையோடு கூட இறங்க வேண்டாம்; சில பாசிகள் அரிப்போடு வாந்தி பேதியும் தரும், மாட்டையும் அதில் தண்ணீர் காட்டாதீர்கள். குளிரால் தடிப்பு வருகிறவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே. மற்றவர்கள் பையில் ஒரு காய்ந்த துண்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.